காந்தச் சுருளுக்குள் பட்டுப்புழு

காலை ஆறு நாற்பது. பச்சைத் தட்டில் இருந்த புழுக்கள் இலையைத் தொடவில்லை.

அப்போதுதான் மஞ்சள் தட்டுக்கு இலை போட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன். அங்கே வழக்கம்போல ஒரே சத்தம். மொடமொடப்புக் குறையாத புதுப் பட்டுப் புடவையை யாரோ மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே இருப்பது போலிருக்கும் அது. பச்சைத் தட்டில் அந்தச் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். என் சுண்டுவிரல் பருமனுக்குக் கொழுத்திருந்த புழுக்கள் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. சில புழுக்கள் பச்சையாக எதையோ கக்கியிருந்தன. முந்தின இரவு படுக்கப்போகும் முன் போட்ட இலை ஓரம்கூடக் கடிபடாமல் வதங்கிச் சுருண்டு கிடந்தது.

என் மகள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

அந்த இரண்டு தட்டுகளில் ஒன்றைச் சுற்றி மின்காந்தப்புலம் இருக்கிறது, இன்னொன்றைச் சுற்றி இல்லை. இது எனக்குத் தெரியும். எதில் இருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பச்சையில்தான் இருக்கிறது. நான்கு வருடமாக என் பெண் இப்படிப் புலம் உண்டாக்கும் கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். இதை எழுதுகிற இப்போதும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை.

அவள் இந்த ஆராய்ச்சிக்குப் போனதற்கே ஒரு வகையில் நான்தான் காரணம். எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்து மாடியில் செல்போன் டவர் வைத்தபோது, அதை எதிர்த்து முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். நான் எம்.காம். படித்தவள், கணவரின் பட்டுப் புடவைக் கடைக்கு வரிக் கணக்குப் போடுகிறவள். அப்படியிருந்தும் வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு எச்சரிக்கையையும் நம்பி இரவில் வைஃபையை அணைத்துவிடுவேன். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள், "நெஜமாவே கெடுதலாம்மா? யார் பாத்தாங்க? எப்படிப் பாத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உயிரியல் படித்து, இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் அதற்கே ஆராய்ச்சி செய்கிறாள். நம் வீட்டு வயர்களிலும் மோட்டார்களிலும் ஓடுகிற சாதாரண மின்சாரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது வளர்கிற உயிரை ஏதாவது செய்கிறதா என்பது அவள் கேள்வி. அதைப் பார்க்க அவள் எடுத்துக்கொண்ட உயிர் பட்டுப்புழு.

பட்டு ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் நான் அதுவரை பட்டுப்புழுவைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்குப் பட்டு கர்நாடகத்திலிருந்து நூலாகத்தான் வரும். என் கணவரும் பார்த்ததில்லை. மகள் முதல் தட்டைக் கொண்டுவந்து இறக்கியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுதான் நம்ம மொதலாளியா" என்றார்.

புழுக்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். கல்லூரிக் கட்டிடத்தில் பழைய வயர்களை மாற்றத் தொடங்கினார்கள். நினைத்த நேரத்தில் கரண்ட் போனது. புழு வளர்கிறபோது நடுவில் நிறுத்திவைக்க முடியாது. மகளும் பஸ்ஸில் தினம் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு மாடியில், முன்பு கடையின் உபரிச் சரக்கை அடுக்கிவைத்த அறை காலியாக இருந்தது. ஏ.சி. உண்டு, இன்வெர்ட்டர் உண்டு. பக்கத்து ஊர் மாகறலில் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்தில் மல்பெரி இருந்தது, தினமும் பஸ்ஸில் ஒரு கட்டு வந்துவிடும். அவளுடைய கைடு மேடமே நேரில் வந்து எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் போனார்.

எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி இரண்டு மேஜை. மேஜைக்கு ஒரு தட்டு, தட்டைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். ஒன்றுக்கு மஞ்சள் டேப், ஜன்னல் பக்கம் இருந்த மற்றதற்குப் பச்சை. இரண்டு சுருளிலும் கம்பி இரட்டையாகச் சுற்றியிருக்கும். ஒன்றில் இரண்டு கம்பியிலும் கரண்ட் ஒரே பக்கமாக ஓடிக் காந்தப்புலம் உண்டாகும். மற்றதில் எதிரெதிராக ஓடும், ஒன்று உண்டாக்குவதை மற்றது அழித்துவிடும். இரண்டும் ஒரே மாதிரி லேசாகச் சூடாகும், ஒரே மாதிரி முனகும். தொட்டுப் பார்த்தோ காது வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. எது எது என்பதைத் தீர்மானிக்கும் சுவிட்சை மேடம் ஒரு பெட்டிக்குள் வைத்துத் திருகி மூடிவிட்டார்.

"உனக்குக்கூட ஏன் சொல்லல?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரிஞ்சா கண்ணு ஏமாத்தும்மா. புலம் இருக்கற தட்டுல புழு கொஞ்சம் சோர்ந்தா பெருசாத் தெரியும். இல்லாத தட்டுல சோர்ந்தா கண்ணுலயே படாது. இந்த சப்ஜெக்ட்ல பாதி சண்டையே அதனாலதான். ஒருத்தர் கெடுதல்னு சொல்வாங்க, இன்னொருத்தர் அதையே செஞ்சு பாத்தா ஒண்ணும் வராது. தேடிப் பாத்தா மொதல் ஆளோட சுருள் சூடாயிருக்கும், இல்லன்னா அதிர்ந்திருக்கும், புழு அதுக்குத்தான் சோர்ந்திருக்கும்."

இலை நறுக்கிப் போடும் வேலை என்னுடையது. பயந்துகொண்டே தொடங்கினேன். பிறகு எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு அந்தப் புழுக்களின் மேல் பிரியம் வந்துவிட்டது. அவை தோல் உரித்துக்கொண்டு இரண்டு மடங்காகி நிற்கும் காலையில், காப்பியைக்கூட மறந்து மாடிக்கு ஓடுவேன்.

இப்போது மகளை எழுப்பினேன். விஷயத்தை மென்று விழுங்கித்தான் சொன்னேன். அவள் துள்ளி எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறிய வேகத்தைப் பார்த்து, "மெதுவா போடி" என்று பின்னாலேயே ஓடினேன்.

பச்சைத் தட்டின் முன்னால் நின்றாள். பிறகு மஞ்சள் தட்டைப் பார்த்தாள். திரும்பவும் பச்சை. அவள் முகத்தில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தேன்.

"அம்மா, இந்த டிஃபரன்ஸ பாரு. ஒரே முட்டை, ஒரே இலை, ஒரே ரூம். ஒரு தட்டு சூப்பரா இருக்குது, ஒரு தட்டு இப்படி. இவ்ளோ பெரிய எஃபெக்ட் யாருமே பாத்திருக்க மாட்டாங்கம்மா."

"சந்தோஷமா உனக்கு?"

"கை எப்படி நடுங்குது பாரு." நீட்டிக் காட்டினாள். உண்மையாகவே நடுங்கியது.

"என் கையும்தான் நடுங்குது. நீ அதே சுருள் பக்கத்துல நாலு வருஷமா உக்காந்துக்கினு இருக்கியே, அத நெனச்சு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "புழு சுருளுக்கு உள்ள இருக்குதும்மா. நான் வெளிய இருக்கேன். நான் உக்கார்ற சேர்ல மீட்டர் வெச்சுக் காட்டினேன் இல்ல? ஓடற மிக்ஸி பக்கத்துல நீ நிக்கறயே, அதவிடக் கம்மி."

"அந்த மீட்டர எடு. பச்சை மேல வெச்சுப் பாரு. இப்பவே தெரிஞ்சிடும் இல்ல?"

"தெரிஞ்சிடும். அதனாலதான் வெக்கக் கூடாது. மஞ்சள் தட்டு இன்னும் கூடு கட்டணும், எடை போடணும். எல்லாம் வீணாயிடும்."

"உன் எடை இருக்கட்டும். வயித்துல இருக்கறதுக்கு பதில் சொல்லு."

மேடத்தைக் கூப்பிட அவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

மீட்டர் அந்த அறையின் பீரோவிலேயே இருந்தது. சாவி என் இடுப்புக் கொத்தில். திறந்தேன். டி.வி. ரிமோட் போன்ற சின்னக் கருவி அது. கையில் எடுத்து, பச்சை மேஜைக்கு இரண்டடி முன்னால் போய் நின்றேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆறு நாற்பதிலிருந்து என்னைத் துரத்திக்கொண்டிருந்த கேள்விக்கு எண்ணிலேயே பதில் வந்துவிடும். கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அப்போது படிக்கட்டிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"இல்ல மேடம். நாங்க எதையும் தொடல."

நாங்க என்றாள். மீட்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எந்தச் சத்தியமும் செய்யச் சொல்லாமலே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள்.

போட்டோ எடுத்து அனுப்பு, எதையும் நகர்த்தாதே, நான் உடனே கிளம்புகிறேன் என்று மேடம் சொன்னாராம். எந்தத் தட்டு என்று மகள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

என் கணவர் குளித்து நெற்றியில் இட்டுக்கொண்டு டிபனுக்கு வந்து உட்கார்ந்தபோது நாங்கள் இருவரும் சமையலறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டிருந்தோம்.

"இன்னாது, ரெண்டு பேரும் எழவு வூட்டு மூஞ்சி வெச்சிக்கினு?"

"வாயக் கழுவுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கற வீட்ல பேசற பேச்சா இது?"

"சரி, வுடு. இட்லி போடு." அவர் தட்டை இழுத்துக்கொண்டார். "மேல எறும்பெல்லாம் போயிடுச்சா?"

"எந்த எறும்பு?" மகள் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? நேத்து கடைய சாத்திட்டு வந்து மேல எட்டிப் பாத்தேன். ஜன்னல் பக்கத்துத் தட்டுக்கு ஒயர் போகுது பாரு, அது மேல வரிசையா போய்க்கினு இருந்துச்சு. மேஜைக் காலுக்கெல்லாம் தண்ணிக் கிண்ணம் வெச்சீங்க, ஒயர வுட்டுட்டீங்க. நல்ல வேளை நான் பாத்தேன்."

"பாத்து?"

"வசம்பு இடிச்சு ஒயர் ஓரமா தூவினேன். தட்டுக்கு அடியிலயும் துணில முடிஞ்சு ஒரு முடிச்சு வெச்சேன். கடையில வெக்கற மாதிரிதான்."

மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா. வசம்பா?"

"பட்டுக்கு வசம்பு வெக்காம வேற இன்னாத்த வெப்பாங்க?"

"அது பட்டு இல்லப்பா. வசம்பு எதுக்குப்பா வெக்கறோம்?"

"பூச்சி அண்டாம இருக்கறதுக்கு."

சொல்லிவிட்டு இட்லியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

பட்டுப் புடவை இருக்கிற எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் அடியில் வசம்பு முடிச்சு இருக்கும். ரசகுண்டு, அதாவது பாச்சை உருண்டை, வைத்தால் ஜரிகை கறுக்கும் என்று எங்கள் கடையில் வசம்பு மட்டும்தான். அந்த அறையில் பல வருடம் புடவை அடுக்கி அடுக்கி, சுவரிலேயே அந்த வாடை ஏறியிருந்தது. சுண்ணாம்பு அடித்துக் கழுவித்தான் புழுவைக் கொண்டுவந்தோம். ஆனால் எங்கள் மூக்குக்கு வசம்பு ஒரு வாடையே இல்லை. புதிதாக இடித்ததற்குப் பக்கத்திலேயே காலையில் நான் குனிந்து நின்றிருக்கிறேன், எதுவும் தெரியவில்லை.

மாடிக்கு ஓடினோம். பச்சை மேஜையின் பின்புறம், வயர் ஓரமாகப் பழுப்புத் தூள். தட்டை ஒரு பக்கம் தூக்கினேன். அடியில் வெள்ளைத் துணி முடிச்சு, கடையில் கட்டுகிற அதே முடிச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தேன். கரண்ட் இல்லை, புலம் இல்லை, வசம்பு. என் பெண்ணுக்கு ஒன்றுமில்லை.

திரும்பினால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போனாப் போகுது, கண்ணு. வேற முட்டை வாங்கி வளத்துக்கலாம்."

"அதுக்கில்லம்மா." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "வசம்புதான்னு நீ முடிவு பண்ணிட்ட. பச்சைல புலமும் இருந்திருந்தா? ரெண்டும் சேந்து ஆயிருந்தா நான் எப்படிப் பிரிச்சுப் பாப்பேன்?" கை வயிற்றின் மேல் இருந்தது. "காலைல எஃபெக்ட்னு குதிச்சேன் இல்ல, அப்பவே உள்ளுக்குள்ள உதறிச்சும்மா. உன் எதிர்ல காட்டிக்கல."

அவளும் பயந்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையிலிருந்து பயம் முழுக்க என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்குப் போன் போகவில்லை. அன்றைக்குப் பெருமாள் புறப்பாடு. ஊரில் கூட்டம் நெரிந்தது, போனை எடுத்தால் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்தாள். பிறகு, "இது டேட்டாவா இனிமே ஆகாது. உயிரையாவது காப்பாத்துவோம்" என்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த வேலை இருக்கிறதே, அப்படி மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து எத்தனையோ காலமாயிற்று. என் கணவர் கடைக்குப் போகவில்லை. தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார், ஜன்னலைத் திறந்து, கீழே இருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வாடை வெளியே போகத் திருப்பி வைத்தார். நான் புதுத் தட்டில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு புழுவையும் மெல்லிய இலையில் ஏந்தி இடம் மாற்றினேன். சில அசையவே இல்லை. அவற்றைத் தனியே வைத்தோம். மகள் இலையை ஈரம் போகத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

"தோ, இது திங்குது" என்றார் கணவர் திடீரென்று, கிசுகிசுப்பாக.

ஓரத்தில் ஒரு புழு இலை விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக அரத்தால் இழுப்பது போலத் தின்றுகொண்டிருந்தது. பிறகு இன்னொன்று. நாங்கள் மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பார்த்தோம். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"கெட்டிக்காரப் புழு" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றேன்.

அந்த உற்சாகத்தின் நடுவிலும் என் கண் எதிர்ச்சுவரின் மஞ்சள் தட்டுக்கும், திருகி மூடியிருந்த பெட்டிக்கும் போய்வந்துகொண்டே இருந்தது. மகளின் கண்ணும் அங்கேதான் போயிற்று. பச்சை என்று வந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிடு என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் விட்டுவிடுவாள் என்றும் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

வெயில் ஏறியபின் வாசல் கேட் சத்தம் கேட்டது. மேடம்தான். ஊருக்கு வெளியே வாலாஜாபாத் ரோட்டிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். காரை அங்கேயே விட்டுக் கூட்டத்தோடு நடந்து வந்திருக்கிறார். ஐம்பதைக் கடந்தவர், காட்டன் புடவை முழுக்க வியர்வை, முதுகில் பை. "மொதல்ல தண்ணி குடுங்க" என்றார். சொம்பை வாங்கியவர் குடிக்காமல் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா இது, கேட்லேயே வசம்பு வாடை தூக்குது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

மேலே போய் மகள் எல்லாவற்றையும் காட்டினாள், துணி முடிச்சு உட்பட. மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. முடிச்சை முகர்ந்து பார்த்துத் தும்மினார். பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். "இந்த பேட்ச் முடிஞ்சுது. இனி மூடி வெச்சு பிரயோஜனம் இல்ல." பெட்டியைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"பச்சைல கரண்ட் எதிரெதிரா ஓடிச்சு. அங்க புலமே இல்ல. புலம் இருந்தது மஞ்சள்ல."

நான் மஞ்சள் தட்டைப் பார்த்தேன். கொழுத்த வெள்ளைப் புழுக்கள், யாரைப் பற்றியும் கவலையில்லாமல், அறை முழுக்கக் கேட்கும்படி தின்றுகொண்டிருந்தன. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

"அப்போ பயமில்லையா மேடம்?" என்று கேட்டேன்.

"அப்படி நான் எழுதித் தர மாட்டேன்மா. ஒரு தட்டு நல்லா இருக்குதுன்னா ஒரு தட்டு நல்லா இருக்குது, அவ்ளோதான். இன்னும் பல தடவை செஞ்சு பாக்கணும். ஆனா இந்தப் புழு சோர்ந்ததுக்கும் கரண்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல, அத தைரியமா சொல்லுவேன். உங்க பொண்ணு உக்கார்ற எடத்த நானே அளந்திருக்கேன். கவலைப்படற மாதிரி இருந்திருந்தா அவள அந்த ரூம் பக்கமே வுட்டிருக்க மாட்டேன்." சொம்புத் தண்ணீரை இப்போதுதான் முழுதாகக் குடித்தார். பிறகு வாசற்படியில் ஒதுங்கி நின்ற என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், பட்டுக்கு நீங்க காவல் இருங்க. இந்தப் பூச்சிங்களுக்கு வீட்டம்மா போதும்."